வரிப்பத்தான்சேனை மாப்பிள்ளை

ராத்தா எங்கள் கேற்றடியில் நின்று சொன்ன முதல் வசனமே பொய்.

"கலியாணப் பேச்சொண்டு கதைக்க வந்திரிக்கன்" என்றார். என்னிடமல்ல. வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஆரு புள்ள நீங்க? எங்கிருந்து வாறீங்க?" என்று விசாரித்த பக்கத்து வீட்டு மாமியிடம். சொல்லிவிட்டுக் குடையைச் சுருக்கி, செருப்பைக் கழற்றி, பலகாலம் வந்துபோன வீட்டுக்குள் நுழைவதுபோல உள்ளே வந்தார். கதவைச் சாத்தியதும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ்ஸிதான் அனுப்பின. நீ குளிசை போடுறல்லையாம். முதல்ல குடிக்கத் தண்ணி தா, வெயில் மண்டையைப் பொளக்குது."

கணவருக்காக வீட்டுக்குள் இருந்த இத்தாவை நான் முடித்து அப்போது ஒரு மாதமிருக்கும். என் கணவர் வளைகுடா நாடொன்றில் சாரதியாக இருந்தவர். நோயோடு திரும்பி வந்து எட்டு மாதத்தில் மௌத்தானார். காசநோய் என்று ஊருக்குச் சொன்னோம். அது பொய்யுமில்லை, கடைசியில் அவருடைய நெஞ்சில் இருந்தது அதுதான். அதற்கும் அடியில் இருந்தது எச்.ஐ.வி. எனக்கும் இரத்தம் பார்த்தார்கள், இருந்தது. பத்து வயது மகளுக்கும் பார்த்தார்கள், அல்ஹம்துலில்லாஹ், இல்லை. கிளினிக்கில் தாதி மிஸ்ஸி குளிசைப் போத்தலைக் கையில் தந்து, "உங்கட பக்கம் எங்களுக்கு உதவி செய்ற ஒரு அம்மா இருக்கிறா. வீட்டுக்கு அனுப்பட்டா?" என்று கேட்டார். அங்கிருந்து எழும்பிப் போனால் போதும் என்றிருந்ததால் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து போத்தலை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். ஒரு குளிசையை விழுங்கினாலும் நோயை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எனக்கொரு எண்ணம்.

அக்கா என்பதுபோல, ராத்தா என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டிய வயது. சற்றுப் பருத்த உடம்பு, கறுப்பு அபாயா, கையில் ஒரு சீலைப்பை. மூன்று ஊர் தள்ளியிருந்து பஸ்ஸில் வருவார். அரசாங்க வேலையில்லை, சம்பளமில்லை. எங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்குப் போவதும், குளிசை போட வைப்பதும், கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவதும்தான் அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை. ஏன் எடுத்துக்கொண்டார் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "வீட்டுல இருந்தா மகள் மா இடிக்கச் சொல்றா" என்பார்.

முதல் நாள் தண்ணீரைக் குடித்து முடித்தவரிடம், போத்தல் அரிசி வாளிக்குள் கிடப்பதைச் சொல்லிவிட்டு நான் கேட்டது ஒன்றுதான்.

"நான் சாகப் போறன்தானே ராத்தா?"

"ஓம். எல்லாரும்தான்" என்றார். "இதால சாகணுமெண்டா குளிசைய அந்த அரிசிக்குள்ளயே வெச்சிரு. ஒழுங்காப் போட்டியெண்டா, மகள்ட கலியாணத்துல பந்தல்காரனோட நிண்டு சண்டை பிடிப்பாய்."

பிறகு, "இப்ப போத்தலை எடு. நான் போற நேரம் ஒண்டு உன்ட வயித்துக்குள்ள இரிக்கணும்" என்றார்.

எடுத்தேன். விழுங்கினேன். போத்தலில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

அவரிடம் நான் கண்ட புதுமை இதுதான். கதவுக்கு வெளியே அவர் வாயில் ஒரு சொல் உண்மை வராது. கதவுக்கு உள்ளே ஒரு சொல் பொய் வராது. "மெலிஞ்சு போனனா ராத்தா?" என்று கேட்டால், "ஓம், காஞ்ச கருவாடு மாதிரி. சோத்தைத் தின்" என்பார். இந்த நோய் உடம்பை விட்டுப் போகாது என்பதையும் அவர்தான் முகத்துக்கு நேரே சொன்னார். குளிசை அதை அடக்கிவைக்கும், மகளோடு ஒரே பாயில் படுக்கலாம், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், ஒன்றும் ஆகாது என்பதையும் அவர்தான் சொன்னார். ஒன்றைச் சொன்ன அதே குரலில்தான் மற்றதையும் சொன்னார். அதனால் இரண்டையும் நம்பினேன்.

"என்னத்துக்கு ராத்தா மாமியிட்ட அப்படிச் சொன்னீங்க?" என்று போகும்போது கேட்டேன்.

"ஊருக்கு ஒரு கதை வேணும் புள்ள. நாம குடுக்காட்டி அது சொந்தமாச் செஞ்சுக்கும்" என்றார்.

அவர் கொடுத்த கதை இரண்டு நாளில் கல் வைத்துக் கட்டிய வீடுபோலாகிவிட்டது. இத்தா முடிந்த கையோடு எனக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள் என்று ஒழுங்கை முழுக்கப் பேச்சு. அடுத்த தடவை ராத்தா வந்தபோது மாமி கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ள எந்த ஊரு புள்ள?"

"வரிப்பத்தான்சேனை, மாமி."

"தொழில்?"

"வயல் இரிக்கி. அரிசி ஆலைக்கு நெல்லேத்துற லொறியொண்டும் இரிக்கி."

"அப்ப என்ன குறை, இவ்வளவு நாளும் கட்டாம இரிக்க?"

ராத்தா கொஞ்சமும் தடுமாறவில்லை. "கால் ஒண்டு சாடையா நொண்டி" என்றார்.

உள்ளே வந்ததும் நான் கேட்டேன், நொண்டியை ஏன் சேர்த்தீர்கள் என்று. குறையில்லாத மாப்பிள்ளையை ஊர் நம்பாது என்றார். கணவர் மௌத்தானபின் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மகள் அறைக்குள்ளிருந்து ஓடிவந்து என்னைப் பயத்தோடு பார்த்தாள்.

கிளினிக் இருந்தது எங்கள் ஊரிலிருந்து வடக்கே, பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அவ்வளவு தூரத்தை நாங்களே தெரிவு செய்திருந்தோம். மாதத்தில் ஒரு நாள் ராத்தா வந்து, நல்ல உடுப்பு உடுத்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டிப்போவார். மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திக்கப் போகிறோம் என்று மாமிக்குச் சொல்லப்பட்டிருந்தது. மூன்றாவது மாதம் மாமி பிடித்துவிட்டார்.

"வரிப்பத்தான்சேனைக்குத் தெக்கால போற பஸ்ஸல்லவா எடுக்கணும். நீங்க வடக்கால ஏறினதப் பார்த்தனே."

"மாப்பிள்ளைட மூத்த காக்கா அங்கால கட்டியிரிக்கார் மாமி" என்றார் ராத்தா. "வாப்பா இல்லாத வீடு. மூத்தவர்ட வாயிலதான் எல்லாம். முதல்ல அவர்ட மனசு ஒத்துவரணும்."

எங்கள் பக்கத்தில் ஆண்கள் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போவார்கள் என்பதால் அது மாமிக்கு முழுக்கச் சரியாகப்பட்டது. "அந்த மூத்தவன்ட மனசை அல்லாஹ் இளக்கணும்" என்று துஆக் கேட்டார். பஸ்ஸில் சீற்றில் குந்தியதும் ராத்தா, "பாவம், இல்லாத மனிசனுக்குத் துஆக் கேக்குறா. அந்த துஆவ நீ எடுத்துக்க" என்றார்.

கிளினிக்கில் பெரியநீலாவணையைச் சேர்ந்த ஒரு மீன்பிடிக்காரரை நான் பிறகு கண்டேன். ராத்தா ஒருவரைப் பற்றி மற்றவரிடம் ஒருபோதும் வாய் திறக்கமாட்டார். அந்த மனிதரே வாங்கில் பக்கத்தில் இருந்துகொண்டு தன் கதையைச் சொன்னார். அவருடைய வீட்டுக்கு ராத்தா போனது சாரி விற்கிறவராக.

"மருதமுனைக் கைத்தறிச் சாரி ஒரு கட்டுச் சுமந்துகொண்டு வந்தவ. எங்கட பக்கத்துப் பொம்புளையளெல்லாம் வந்து மொய்ச்சிட்டுதுகள். ஆருக்கோ ஒரு பச்சைச் சாரி பிடிச்சுப்போச்சு. இவ என்ன சொன்னவ தெரியுமா? இந்த நிறம் உனக்குப் பொருந்தா, எடுக்காத எண்டு சொல்லிப்போட்டா. விக்க வந்த மனிசி இப்படிச் சொன்னா, சனம் விடுமா? இப்ப வருசப்பிறப்பு வந்தா ஊரே அவவைப் பார்த்துக்கொண்டிருக்குது. எனக்குக் குளிசை, மனிசிக்குச் சாரி."

ஏன் இந்த வேலை செய்கிறீர்கள் என்று அவரும் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து போக ஆசை என்று ராத்தா அவருக்குச் சொல்லியிருந்தார். உள்ளே பொய் சொல்லாத அவர் எங்கள் எல்லோரிடமும் மறைத்தது அந்த ஒன்றைத்தான். நாங்களும் கிண்டவில்லை. எங்களுடையதை அவர் அப்படித்தானே வைத்திருந்தார்.

இப்படியே ஒரு வருடம் போனது. எனக்கு உடம்பு பிடித்தது, முகம் தெளிந்தது. அது கலியாண ஆசை என்று ஊர் சொன்னது. அதுதான் காக்காவின் காதுக்குப் போனது.

காக்கா என்றால் என் அண்ணன், ஒரே கூடப்பிறந்தவர். வாப்பா இல்லாத எங்களுக்கு அவர்தான் வாப்பா. ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். கோபக்காரர், ஆனால் என்னில் உயிர். வீடு என் பேரில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எவனோ ஒருவன் புரோக்கர் பெண்ணொருத்தியை ஏவி ஆட்டுகிறான் என்று அவருக்குச் சந்தேகம். என்னிடம் ஒரு சொல் கேட்காமல், ஒரு வியாழக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வரிப்பத்தான்சேனைக்குப் போய்விட்டார்.

அசர் தொழுகை முடிந்த பின்னேரம் திரும்பி வந்தார். அன்று ராத்தா எங்கள் வீட்டிலிருந்தார். குசினி வாசலில் குந்தி மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காக்கா உள்ளே வந்து மகளை மாமி வீட்டுக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"பள்ளிவாசல்ல கேட்டன். தேத்தண்ணிக் கடையில கேட்டன். அரிசி ஆலையில கேட்டன்" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நொண்டிக் காலோட ஒரேயொரு ஆள்தான் அந்த ஊருல இரிக்கார். எழுபது வயசு. பதினொரு பேரப்புள்ள. லொறியில ஏறவே ஏலா."

ராத்தா மகளின் கணக்குக் கொப்பியை மூடி வைத்தார்.

"நீங்க ஆரு? எங்கட புள்ளைய மாசாமாசம் எங்க கூட்டிட்டுப் போறீங்க? இப்பச் சொல்லுங்க. சொல்லாட்டி பொலிசுல கொண்டு போய் நிப்பாட்டிட்டுத்தான் மறுகதை."

நான் ராத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிடச் சின்ன இடுக்குகளில் அவர் எவ்வளவு பெரிய மாளிகை கட்டியதைக் கண்டவள் நான். ஒரு ஊரை மாற்றிச் சொன்னால் போதும், காக்கா இன்னும் ஒரு மாதம் அலைவார். ராத்தா அதைச் செய்யவில்லை. அபாயாவின் மடிப்பைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"இதுக்குரிய பதில் என்னட்ட இல்ல தம்பி. தங்கச்சியிட்டத்தான் இரிக்கி. அவ சொல்ல விரும்பினாச் சொல்லட்டும். சொல்லாட்டி என்னக் கள்ளி எண்டே வெச்சுக்கங்க. பொலிசுக்கும் வாறன்."

சொல்லிவிட்டுச் சீலைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். உண்மையிலேயே பொலிசுக்குப் போக ஆயத்தமாகத்தான் எழும்பி நின்றார். அதைக் கண்ட பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சொன்னேன். கணவருக்கு இருந்தது, எனக்கு இருப்பது, மகளுக்கு இல்லாதது, வடக்கால போகிற பஸ், குளிசை, எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். காக்கா நின்றபடியே கேட்டார்.

"மச்சானுக்கும் இதானா?" என்று ஒருதரம் கேட்டார்.

"ஓம் காக்கா."

"புள்ளைக்கு இல்லையெண்டு நல்லாத் தெரியுமா?"

"ரெண்டுதரம் பார்த்தாங்க."

காக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நான் நிலத்தில் குந்திவிட்டேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கப்போகிறது, இனி இந்தப் படியில் அவர் கால் வைக்கமாட்டார் என்று காத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை. வேலியடியில் மாமியின் குரல்தான் வந்தது.

"என்ன மகன், வரிப்பத்தான்சேனைக்குப் போனியாமே. மாப்பிள்ளையப் பார்த்தியா?"

ராத்தா என் தோளைப் பிடித்திருந்தார், விரல்கள் இறுகின.

"பார்த்தன் மாமி" என்றது காக்காவின் குரல். "நல்ல மனிசன்."

"கால்?"

"கால் கொஞ்சம் நொண்டிதான். அதப் பெரிசாச் சொல்ல ஏலா."

"லொறி இரிக்காமே."

"ரெண்டு லொறி மாமி."

ராத்தா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

காக்கா உள்ளே வந்தார். கதிரையில் இருந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல், தேத்தண்ணி கேட்டார். நான் எழும்ப முன் ராத்தா சொன்னார்: "தம்பி, ரெண்டு லொறி எண்டு சொல்லியிருக்கப்படா. ஒரு லொறிக்கே நான் படுற பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

காக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே சாரத்தின் தலைப்பை எடுத்து முகத்தைப் பொத்தினார். நெடுநேரம் எடுக்கவில்லை. ராத்தா குசினிக்குள் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் குடித்தோம். அடுத்த மாதத்திலிருந்து கிளினிக் நாளில் எங்களை பஸ் நிலையத்துக்கு ஏற்றிவிட ஓட்டோ அனுப்பியது காக்காதான். தன் மனைவியான மச்சியிடம் அவர் இன்றுவரை சொல்லவில்லை.

ராத்தா பயந்தது நடந்தது. இரண்டு லொறி என்று கேட்டதும் மாமிக்குத் தூக்கம் போய்விட்டது. அவருக்கு முப்பதை எட்டிய மகள் ஒருத்தி இருந்தாள். நல்ல பிள்ளை, ஆனால் சீதனமாகக் கொடுப்பதற்குக் கட்டத் தொடங்கிய வீடு அரைச்சுவரில் நின்றது. பத்து நாள் கழித்து மாமி எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து ராத்தாவின் முன்னால் இருந்தார்.

"கோவிக்கப்படா புள்ள. ஒரு வருசமா இழுபடுது. இவக்கு ஒத்துவராட்டி அந்த மாப்பிள்ளைய எங்கட மகளுக்குக் கதைங்களன்."

"அவருக்கு வயசு நாப்பத்தஞ்சு மாமி" என்றார் ராத்தா.

"ஆம்புளைக்கு அது ஒரு வயசா?"

"பல்லுக் கட்டினது."

"திண்டாச் சரி."

"குறட்டை, லொறிச் சத்தம் மாதிரி."

"எங்கட மனிசனும் அப்படித்தான்."

ராத்தா என் பக்கம் திரும்பினார். அவர் முட்டுப்பட்டு நின்றதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். "அவர் போன கிழமை அக்கரைப்பற்றுல ஒரு கடைக்காரர்ட மகளைக் கட்டிட்டார் மாமி" என்றார் கடைசியில்.

மாமி முதலில் எனக்காகக் கோபப்பட்டார். நொண்டிக்கு வந்த கொழுப்பைப் பார் என்று ஏசினார். பிறகு சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். அது தன் மகளுக்காக. அரைச்சுவர் வீட்டைப் பற்றியும், வந்து பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றியும் சொன்னார். ராத்தாவால் ஒரு அழுகையைக் கேட்டுவிட்டுச் சும்மா பஸ் ஏற முடியாது. அன்றைக்கு மூன்று பஸ்ஸை விட்டார்.

இரண்டு மாதம் அலைந்து, தன் ஊரில் வயரிங் வேலை செய்கிற ஒருவரைக் கூட்டி வந்தார். லொறி இல்லை, சைக்கிள்தான். கால் இரண்டும் சரி. அரைச்சுவரைத் தானே கட்டி எழுப்புவதாக அந்த மனிதர் சொன்னார். ராத்தா வாழ்க்கையில் செய்துவைத்த ஒரேயொரு கலியாணம் அது.

ராத்தா இப்போது இங்கில்லை. முழங்கால் ஏலாமல் போனதும் மகளோடு புத்தளம் பக்கம் போய்விட்டார். அங்கிருந்து கோல் எடுத்து, குளிசை போட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் இரத்தத்தில் இப்போது அந்தக் கிருமியைத் தேடியும் காணமுடியாது என்று டொக்டர் சொல்கிறார். மகள் கெம்பஸ் போகிறாள். ராத்தாவை நினைத்தால் எனக்கு மாமி மகளின் அந்தக் கலியாண நாள்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் சாப்பாடு சகனில் வரும். பெரிய தாம்பாளம் நிறையச் சோறு. ஆறு பேர் சுற்றிக் குந்தி அதே சோற்றில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். கணவர் மௌத்தான பிறகு நான் எந்தச் சகனிலும் குந்தவில்லை. ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை போகாது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்றும் மாமி வீட்டில் மணமகளைப் பார்த்துவிட்டு, வேலியடியால் நழுவப் பார்த்தேன். பின்னாலிருந்து ராத்தா கூப்பிட்டார், ஊருக்கே கேட்க:

"இஞ்ச வா புள்ள. இந்தச் சகனுக்கு ஒரு ஆள் காணாது."

பார்த்தேன். ஐந்து பேர்தான் இருந்தார்கள். வெளியில் வைத்து அவர் உண்மை சொல்லி அன்றுதான் கேட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். சுற்றியிருந்தவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். அவர்கள் பாட்டுக்குக் கதைத்தார்கள், தின்றார்கள். நான் விரல் நுனியால் ஓரத்துச் சோற்றைத் தொட்டுக்கொண்டிருந்தேன். மாமி ஒவ்வொரு சகனாக இறைச்சி வைத்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும் பெரிய துண்டொன்றை என் பக்கம் வைத்து, என் தலையைத் தடவினார்.

"யோசிக்காத மகள். உனக்கும் அல்லாஹ் ஒண்டு வெச்சிரிப்பான். அந்த லொறிக்காரன் போனாப் போறான்."

ராத்தாவுக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வர இருமினார். நான் இடது கையால் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். மற்றக் கை சோற்றுக்குள், மணிக்கட்டுவரை இருந்தது.